வீட்டில் கேட்கும் கேள்வியிலிருந்து ஒரு வலைச்செயலி: யோசனையை வடிவமைக்கும் முறை

நிரல் எழுதக் கற்றுக்கொண்ட பிறகு எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்பவர்கள் யோசனையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் மாதந்தோறும் கேட்டு, ஒவ்வொரு முறையும் தோராயமான விடையைப் பெற்று, மனநிறைவில்லாமல் விட்டுவிடும் கேள்வி ஒன்று அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறது. அந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை தரும், கைபேசி உலாவியிலேயே திறக்கும் சிறிய வலைச்செயலியே முதல் முயற்சிக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிக்காகச் செய்யும் வானிலைப் பக்கமும் வேலைப் பட்டியலும் நிரல் எழுதும் கையைப் பழக்கும். ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் திறன், விடைக்காகக் காத்திருக்கும் மனிதர் ஒருவர் எதிரில் இருந்தால்தான் வளரும்.

இந்த வழிகாட்டி முழுவதும் நீலகிரியின் பச்சைத் தேயிலைக் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். எங்கள் குடும்பம் கோத்தகிரிப் பக்கத்தில் சிறிய தோட்டம் வைத்திருப்பதால் எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த கணக்கு அதுதான். தேயிலை வாரியத்தின் வரையறைப்படி 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு தேயிலை விவசாயி. இங்கே உள்ள பல வீடுகளுக்கு அதெல்லாம் எட்டாத அளவு. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று வைத்திருப்பவர்களும், நிலத்தைச் சென்ட் கணக்கில் சொல்பவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பறித்த இலையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ தனியார் தொழிற்சாலைக்கோ போடுகிறார்கள். எடை போட்டதும் சீட்டு கிடைக்கிறது. ஆனால் அன்றைய இலைக்கு என்ன விலை என்பது அன்று தெரியாது. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து, 2003-ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின் வழிமுறைப்படி, பச்சைத் தேயிலைக்கான சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. ஆக, எடை ஒரு நாளில் தெரிகிறது. விலை பல நாள் கழித்துத் தெரிகிறது. இடையில் வாங்கிய முன்பணமும் உரக் கடனும் பில்லில் கழிகின்றன.

இந்த மூன்றும் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்வதால்தான் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழுகிறது. "போன மாசம் நாம போட்ட இலைக்கு இந்தப் பணம் சரிதானா, கொஞ்சம் பாரு கண்ணு" என்று அம்மா கேட்பார். பில்லில் ஒரு தொகை இருக்கும், டப்பாவில் சீட்டுகள் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் பொறுமை, பகல் முழுவதும் சரிவில் நின்று இலை பறித்தவருக்கு இரவில் இருக்காது.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

கணினியைத் திறப்பதற்கு முன், செயலி விடை சொல்ல வேண்டிய கேள்வியைக் கேட்பவரின் சொற்களிலேயே ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். "சிறு தேயிலை விவசாயிகளுக்கான முழுமையான மேலாண்மைத் தளம்" என்பது கேள்வியாகாது; அப்படி ஒன்று வேண்டுமென்று எந்த வீட்டிலும் யாரும் கேட்டதில்லை. "இந்த மாத பில்லில் உள்ள எடையும் நம் சீட்டுகளில் உள்ள எடையும் ஒத்துப்போகின்றனவா, இல்லையென்றால் எங்கே வேறுபடுகின்றன" என்பது கேள்வி. இதற்கு விடை உண்டு, அந்த விடையைச் சரிபார்க்கவும் முடியும், விடை கிடைத்ததும் ஒருவர் செய்யக்கூடிய செயலும் இருக்கிறது: சீட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொழிற்சாலைக் கணக்கரிடம் கேட்கலாம். விடை கிடைத்தும் யாரும் எதையும் செய்ய முடியாத கேள்வியானால் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவதே நல்லது.

மனத்துக்கு நெருக்கமான எல்லாச் சிக்கலும் ஒருவர் தனியாக எடுத்துச் செய்யத்தக்கதும் அல்ல. கூடலூர், பந்தலூர் பக்கத்து மாணவர்களுடன் பேசும்போது யானை நடமாட்டத்தைத் தெரிவிக்கும் செயலி என்ற யோசனை தவறாமல் வருகிறது. அவர்கள் அதைக் கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இருட்டிய பிறகு பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது. அதனாலேயே, தவறான தகவலோ தாமதமான தகவலோ ஒருவரைத் தவறான பாதையில் அனுப்பிவிடும். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நடத்திவரும் எச்சரிக்கை முறை நன்றாக வேலை செய்வதற்கு மென்பொருள் மட்டும் காரணமில்லை. யானைக் கூட்டங்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஆட்கள், வரும் தகவலை உறுதிசெய்யும் ஏற்பாடு, குறுஞ்செய்தி, தொலைவிலிருந்து தெரியும் சிவப்பு விளக்குகள், வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் பல ஆண்டுகளாக வளர்த்த உறவு ஆகியவை சேர்ந்ததுதான் அந்த முறை. அப்படிப்பட்ட வேலையில் ஈடுபட விரும்பினால் ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களோடு சேருங்கள். தனியாகச் செய்யும் முதல் செயலிக்கு, தவறினால் திருத்திக்கொள்ளக்கூடிய சிக்கலையே தேர்ந்தெடுங்கள்.

காகிதங்களைப் பரப்பிப் பார்த்தல்

கேள்வி முடிவானதும் அதோடு தொடர்புடைய காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு மேசைமேல் பரப்புங்கள். எந்த வடிவமைப்புப் பாடமும் தராத அறிவை இந்த வேலை தரும் என்பதால் இதற்கு நிறையவே நேரம் கொடுக்கலாம்.

எங்கள் பக்கத்து எடைச்சீட்டு உள்ளங்கை அளவுதான் இருக்கும். மேலே தேதியும் உறுப்பினர் எண்ணும், அடுத்து மொத்த எடை, அதற்குக் கீழே சாக்குக்காகவும் ஈரத்துக்காகவும் கழித்த எடை, கடைசியில் நிகர எடை. கார்பன் தாள் வைத்து எழுதிய நகல் என்பதால் 1-ம் 7-ம் சில சீட்டுகளில் ஒன்றுபோலவே தெரியும். தென்மேற்குப் பருவமழை நாட்களின் சீட்டுகளில் ஈரக் கழிவு கூடியிருக்கும்; நனைந்த இலையில் தண்ணீரின் எடையும் சேர்வதால் அந்தக் கழிவு முறையானதே, எவ்வளவு கழிப்பது என்பதில்தான் பேச்சு எழும். மாத பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் நாள்வாரியான எடை இருக்காது. மாதத்தின் மொத்த நிகர எடை, கிலோவுக்கான விலை, மொத்தத் தொகை, கழிவுகள், கைக்கு வரும் தொகை, அவ்வளவுதான்.

இவை இரண்டையும் அருகருகே வைத்தவுடன் செயலியின் பாதி வடிவம் தானாகக் கிடைத்துவிடுகிறது. சீட்டில் நாள்கணக்கும் பில்லில் மாதக்கணக்கும் இருப்பதால், சீட்டுகளைக் கூட்டி பில்லோடு ஒப்பிடுவதே செயலியின் மைய வேலை. இன்னொன்றையும் காகிதங்களே காட்டிக்கொடுக்கும். மாதத்தின் கடைசி நாள் மாலையில் எடை போட்ட இலை, தொழிற்சாலைப் பேரேட்டில் மறுநாள், அதாவது அடுத்த மாதத்தில், வரவாகியிருக்கலாம். அப்போது பில்லில் குறையும் எடை அந்த ஒரு சீட்டின் எடைக்குச் சரியாகச் சமமாக இருக்கும். ஆகவே வித்தியாசம் இவ்வளவு என்று காட்டுவதோடு நில்லாமல், அந்த வித்தியாசத்துக்குச் சமமான எடையுள்ள சீட்டு ஏதாவது இருந்தால் அதைத் தனியே எடுத்துக் காட்டும்படி செய்தால், தேவையில்லாத சந்தேகம் ஒன்று அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். இத்தகைய நுணுக்கம் மற்ற செயலிகளைப் பார்ப்பதால் கிடைக்காது. உங்கள் வீட்டுக் காகிதங்களில்தான் கிடைக்கும்.

மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை அதன் பிறகு பாருங்கள். சிறு விவசாயிகளுக்காகத் தேயிலை வாரியம் கொண்டுவந்த சாய் சஹயோக் போன்ற செயலிகள் இருக்கின்றன. அவை உங்கள் கேள்விக்கு விடை சொன்னால் அவற்றையே பயன்படுத்தலாம்; புதிதாக ஒன்று செய்ய வேண்டிய கட்டாயமில்லை. அதேபோல், ஒரு மாதக் கணக்கை முதலில் கோடு போட்ட நோட்டிலோ எக்செல் தாளிலோ போட்டுப் பாருங்கள். நோட்டே போதும் என்று தெரிந்தால் அதுவும் நல்ல முடிவுதான். எங்கள் வீட்டில் நோட்டு போதாததற்குக் காரணம் கூட்டல் இல்லை. சீட்டு வாங்குபவர் ஒருநாள் அம்மா, ஒருநாள் அப்பா, ஒருநாள் சித்தப்பா என்று மாறிக்கொண்டே இருப்பதும், நோட்டு வீட்டில் ஓர் இடத்தில் மட்டும் இருப்பதுமே காரணம். கைபேசி மூவரின் சட்டைப்பையிலும் இடுப்புப் பையிலும் இருக்கிறது. வலைச்செயலிக்கான நியாயம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

தரவை எப்படி வைத்துக்கொள்வது

திரைகளை வரைவதற்கு முன் தரவின் அமைப்பைத் தீர்மானிக்கும்படி நான் எப்போதும் சொல்வேன். இந்தக் கணக்குக்கு நான்கு அட்டவணைகள் போதும்: சீட்டு, மாத விலை, முன்பணமும் கழிவும், பில். சீட்டின் பதிவுக்குள் விலையை வைக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியமான முடிவு. கடைகளுக்கான பில் செயலியைப் பார்த்துப் பழகியவர்கள் எடை, விலை, தொகை என்று மூன்றையும் ஒரே வரியில் வைத்துவிடுவார்கள். இங்கே எடை பதிவாகும் நாளில் விலை என்ற ஒன்று இல்லவே இல்லை. அது மாதத்துக்குரியது, தொழிற்சாலைக்குரியது, பின்னால் திருத்தப்படவும் கூடியது. விலையைத் தனி அட்டவணையில் மாதத்தோடு இணைத்து வைத்தால், விலை தெரிந்த அன்று ஒரே இடத்தில் எழுதினால் போதும், அந்த மாதத்துச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் தொகை கணக்காகிவிடும். எடுத்துக்கொண்ட சிக்கலின் இயல்பு எதுவோ அதுவே அட்டவணையின் வடிவமாக வேண்டும்.

எடையைக் கிலோவில் தசமப் புள்ளியோடு சேமிக்காமல் கிராமில் முழு எண்ணாகச் சேமியுங்கள். பணத்தைப் பைசாவில் முழு எண்ணாகச் சேமியுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். தசம எண்களைக் கணினி இரும எண்களாக வைத்துக்கொள்வதால் ஏற்படும் இந்தச் சிறு பிசகு, நூறு சீட்டுகளைக் கூட்டி பில்லோடு ஒப்பிடும் இடத்தில் வித்தியாசம் இல்லாத மாதத்திலும் வித்தியாசம் இருப்பதாகக் காட்டிவிடும். உதாரணத்துக்கு, 46.5 கிலோ இலை 46,500 கிராம். கிலோ 18 ரூபாய் 50 பைசா என்றால் 1,850 பைசா. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 86,025 பைசா, அதாவது 860 ரூபாய் 25 பைசா கிடைக்கிறது. வகுப்பதையும் முழுமையாக்குவதையும் கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும் செய்யுங்கள்.

தேதியிலும் இதே கவனம் வேண்டும். ஜூன் 1-ஆம் தேதி என்று உள்ளூர் நேரப்படி உருவாக்கிய தேதியை ஜாவாஸ்கிரிப்டின் டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் வழியாக எழுத்தாக மாற்றினால், அது உலகப் பொது நேரத்துக்கு மாறி மே 31, 18:30 என்று ஆகிவிடும், ஏனென்றால் இந்திய நேரம் ஐந்தரை மணி நேரம் முந்தியது. சீட்டு முந்தைய மாதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கில் இதைவிடக் கேடான பிழை கிடையாது, எளிதில் கண்ணில் படாத பிழையும் இதுவே. சீட்டில் எழுதியிருக்கும் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை வெறும் எழுத்தாக அப்படியே சேமித்து, நேரத்தையும் நேர மண்டலத்தையும் அதன் அருகிலேயே விடாதிருப்பது பாதுகாப்பானது.

சீட்டைத் தவறாகப் பதிந்துவிட்டால் திருத்த வழி இருக்க வேண்டும், ஆனால் பழைய எண் அடியோடு மறைந்துபோகக் கூடாது. மூன்று பேர் கைவைக்கும் கணக்கில், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது தெரியாவிட்டால் செயலியே வீட்டுக்குள் மனத்தாங்கலுக்குக் காரணமாகிவிடும்.

திரையும் சொற்களும்

திரைகளைக் காகிதத்தில் பென்சிலால் வரையுங்கள். இந்தச் செயலிக்கு மூன்று திரைகள் போதும்: இன்றைய சீட்டைப் பதிவது, இந்த மாதச் சீட்டுகளைப் பார்ப்பது, பில்லோடு ஒப்பிடுவது. முதல் திரை திறந்ததும் தேதி இன்றைய தேதியாக இருக்கட்டும். எடைக்கான கட்டத்தைத் தொட்டதும் எண் விசைப்பலகை புள்ளியோடு வரட்டும். இலை போட்டுவிட்டு வருபவரின் விரல்கள் குளிரில் விறைத்திருக்கும், தேயிலைக் கறை படிந்திருக்கும், திரையில் தூறல் துளி இருக்கும். எண்கள் பெரிதாகவும் பொத்தான்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்க வேண்டியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கட்டங்களின் பெயர்களைச் சீட்டில் உள்ள வரிசையிலும் சீட்டில் உள்ள சொற்களிலும் வையுங்கள். வீட்டில் "கழிவு" என்று சொல்வதை நீங்கள் "பிடித்தம்" என்று மாற்றினால், அது எவ்வளவு நல்ல தமிழாக இருந்தாலும், பதிபவர் ஒரு கணம் தயங்குவார். படுகர்களின் மொழியான படுகு பேசும் வீடுகளிலும் சீட்டும் பில்லும் அநேகமாகத் தமிழிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும் என்பதால், காகிதத்தில் பார்த்துப் பழகிய சொல்லையே திரையிலும் வைப்பதுதான் எல்லாருக்கும் பொதுவான வழி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் பொத்தான் தமிழில் இரண்டு வரியாகும். ஆகவே வடிவமைப்பைத் தொடக்கத்திலிருந்தே தமிழிலேயே செய்யுங்கள். ஆங்கிலத்தில் செய்துவிட்டுக் கடைசியில் சொற்களை மாற்றும் வேலையில் எழுத்துகள் வெட்டுப்படுவதே மிச்சமாகும்.

ஒப்பிடும் திரையின் சொற்களைப் பற்றி நான் மிகவும் அக்கறைப்படுகிறேன். எடை போடுபவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர், சில வேளைகளில் உறவினர். சீட்டும் பில்லும் வேறுபடுவதற்கு மேலே சொன்ன மாதக் கடைசிச் சீட்டு, பதிவில் விடுபட்ட சீட்டு, கார்பன் நகலில் தவறாகப் படித்த எண் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. ஆகவே "பில்லில் 46.5 கிலோ குறைத்துவிட்டார்கள்" என்ற பொருளில் சிவப்பு எழுத்துகளில் ஒரு வாக்கியம் வரக் கூடாது. "சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கும் பில்லுக்கும் 46.5 கிலோ வித்தியாசம். 31-ஆம் தேதிச் சீட்டின் எடையும் 46.5 கிலோ" என்று மட்டும் சொன்னால் போதும். முடிவுக்கு வருவதும் போய்க் கேட்பதும் மனிதர்களின் வேலை.

சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்தல்

மலையில் பயன்படும் எந்தச் செயலியும் இணையம் இல்லாத நிலையையே வழக்கமான நிலையாகக் கொள்ள வேண்டும். மேட்டில் கிடைக்கும் சிக்னல் பள்ளத்தில் இறங்கினால் போய்விடும்; மழை நாளில் மின்சாரமும் சேர்ந்து போய்விடும். வலைச்செயலிக்கு இதற்கான வசதிகள் உலாவியிலேயே இருக்கின்றன. சர்வீஸ் வொர்க்கர் என்னும் நிரல், செயலியின் கோப்புகளைக் கைபேசியில் சேமித்து வைத்து, இணையம் இல்லாதபோதும் திரையைத் திறந்து கொடுக்கும். இன்டெக்ஸ்டு டிபி என்னும் உலாவித் தரவுத்தளம் சீட்டுகளைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்ளும். சர்வீஸ் வொர்க்கர் வேலை செய்வதற்குத் தளம் எச்டிடிபிஎஸ் என்னும் பாதுகாப்பான இணைப்பு வழியாகக் கிடைக்க வேண்டும் என்பது கட்டாயம். உங்கள் கணினியில் சோதித்துப் பார்க்கும்போது மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

பதியும் சீட்டை முதலில் கைபேசியில் சேமித்து, "பதிந்தாயிற்று" என்று உடனே காட்டிவிட்டு, இணையம் கிடைத்ததும் எல்லாருடைய பதிவுகளையும் சேர்த்து வைக்கும் பொதுக் கணினியான சர்வருக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு சீட்டுக்குமான அடையாள எண்ணை, ஒன்றோடொன்று மோதாத நீண்ட எண்களைத் தரும் யூயூஐடி முறையில், கைபேசியே உருவாக்கட்டும். அனுப்பும்போது பாதியில் சிக்னல் அறுந்து அதே சீட்டு மீண்டும் அனுப்பப்பட்டாலும், அதே அடையாள எண் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து சர்வர் இரண்டாவதை விட்டுவிடும். ஒரே காகிதச் சீட்டை அம்மாவும் அப்பாவும் தனித்தனியே பதிந்துவிட்டால் மட்டும் இந்த முறை உதவாது, அதற்காக, அதே தேதியும் அதே எடையும் உள்ள சீட்டு வந்தால் "இது முன்பே பதிந்த சீட்டா?" என்று ஒரு முறை கேட்கும்படி செய்யலாம்.

உலாவியில் வைத்திருக்கும் தரவு நிரந்தரமானது என்று நம்பிவிட வேண்டாம். கைபேசியில் இடம் குறைந்தால் உலாவி அதை நீக்கக்கூடும். ஐபோனின் சஃபாரியில், ஏழு நாட்கள் பயன்படுத்தாத தளத்தின் தரவு நீக்கப்படலாம். முகப்புத் திரையில் சேர்த்த செயலிகளுக்கு இந்த ஏழு நாள் விதி பொருந்தாது. ஆகவே முகப்புத் திரையில் சேர்க்கும் முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு நீங்களே செய்து காட்டுங்கள். மாதம் முடிந்ததும் எல்லாச் சீட்டுகளையும் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகப் பதிவிறக்கும் பொத்தான் ஒன்றையும் முதல் பதிப்பிலேயே வையுங்கள். செயலி என்றைக்காவது நின்றுபோனாலும் கணக்கு அவர்கள் கையில் இருக்கும்.

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரே கைபேசியில் மட்டும் பயன்படுத்துவதானால் சர்வரே வேண்டாம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் வைத்தாலே போதும். பல கைபேசிகள் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் உங்களுக்குத் தெரிந்த கருவியில், பைத்தானின் ஜாங்கோவோ ஜாவாஸ்கிரிப்டின் நோடோ எதுவானாலும், சிறிய சர்வர் ஒன்றும் ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளமும் தாராளமாகப் போதும். சீட்டைப் படம் எடுத்தால் எண்களைத் தானாகப் படிக்கும் வசதியைச் சேர்க்க ஆசை வரும். கார்பன் நகலில் உள்ள கையெழுத்தில் 1-ஐயும் 7-ஐயும் மனிதரே பிரித்தறியத் திணறும்போது அதை முதல் பதிப்பில் சேர்ப்பது வீண். நான்கு எண்களைத் தட்டுவதற்கு ஆகும் நேரம் மிகவும் குறைவு.

பயன்படுத்துபவர் கையில் கொடுத்துப் பார்த்தல்

முதல் திரை மட்டும் தயாரானதுமே அதைக் கொடுத்துவிடுங்கள். மற்ற இரண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கைபேசியில் காட்டாமல் அவர்களுடைய கைபேசியில், அவர்களுடைய எழுத்தளவில், அவர்களுடைய விரிசல் விழுந்த திரையில் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைய சீட்டைப் பதியச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். விரல் எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லை உதடு இரண்டு முறை படிக்கிறது, எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்ய நாக்கு துடிக்கும். அப்போது உதவிவிட்டால் திருத்த வேண்டிய இடம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். "நல்லா இருக்கா?" என்று கேட்பதால் பயனில்லை. பெற்ற பிள்ளை செய்ததை எந்தத் தாயும் நன்றாக இல்லை என்று சொல்லமாட்டார். அடுத்த நாள் நீங்கள் நினைவூட்டாமலேயே சீட்டு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், உண்மையான மதிப்பீடு அதுதான்.

சோதிக்கும் பருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் நாட்களில் சீட்டுகளே குறைவு. அப்போது எந்தச் செயலியும் நன்றாகத்தான் வேலை செய்யும். கோடை மழைக்குப் பின் கொழுந்து மளமளவென்று வரும் மாதங்களில், பறிக்க ஆள் கிடைக்காமல் எல்லாரும் தோட்டத்தில் நிற்கும்போது, அந்த நெருக்கடியிலும் ஒருவர் சீட்டைப் பதிகிறாரா என்பதே கேள்வி. பதியவில்லை என்றால் குறை அவரிடம் இல்லை. ஒரு வாரச் சீட்டுகளை ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து பதியும்படி, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக எழுதும் திரையாக அதை மாற்றிக் கொடுங்கள்.

பழைய பில்கள் சிலவற்றையும் அவற்றுக்கான சீட்டுகளையும் வைத்துக் கையால் போட்ட கணக்கும் செயலி காட்டும் கணக்கும் பைசாவரை ஒன்றாக வருகின்றனவா என்று சரிபார்த்த பிறகுதான், ஒப்பிடும் திரையை வெளியில் காட்டலாம். அந்தத் திரை ஒரு முறை தவறாகச் சொல்லி, அதை நம்பி ஒருவர் தொழிற்சாலையில் போய்ப் பேசிவிட்டால், அதன் பிறகு செயலியை மட்டுமில்லாமல் போய்ப் பேசியவரையும் அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

பக்கத்து வீட்டார் கேட்கும்போது

வேலை செய்யும் செயலியைப் பார்த்தால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். இங்கே பொறுப்பு பலமடங்கு கூடுகிறது. ஒரு குடும்பம் எவ்வளவு இலை போடுகிறது, எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் ஊரில் வெளியே சொல்லாத செய்திகள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவுக்குப் பொருந்தாது. பிறருடைய கணக்கை உங்கள் சர்வரில் வைக்கத் தொடங்கினால் அந்த விலக்கை நம்பியிருக்க முடியாது. சட்டம் ஒருபுறமிருக்க, சித்தப்பாவின் கடனை நீங்கள் பார்க்க முடியும் என்பதே அவர் உங்கள் செயலியைப் பயன்படுத்தாமல் இருக்கப் போதுமான காரணம். மற்றக் குடும்பங்களுக்குச் சர்வர் இல்லாத பதிப்பை, அதாவது தரவு முழுவதும் அவரவர் கைபேசியிலேயே இருக்கும் பதிப்பைக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

கேட்கிற வீட்டுக்கு உடனே இணைப்பை அனுப்பிவிடாமல், முதலில் அவர்களுடைய சீட்டையும் பில்லையும் வாங்கிப் பாருங்கள். கூட்டுறவுத் தொழிற்சாலையின் சீட்டில் உள்ள கட்டங்களும் தனியார் தொழிற்சாலையின் சீட்டில் உள்ள கட்டங்களும் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம். இடையில் ஏஜென்ட் மூலம் இலை போடுபவர்களுக்கு அவருக்கான தொகையும் கணக்கில் வரும். ஒரே வீட்டார் இரண்டு தொழிற்சாலைகளுக்குப் போடுவதும் உண்டு, அப்போது ஒரே மாதத்துக்கு இரண்டு விலைகள் இருக்கும். கட்டங்களின் பெயரையும் எண்ணிக்கையையும் நிரலைத் தொடாமலேயே வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளும்படி செய்வதுதான் இரண்டாம் பதிப்பின் முதல் வேலை. அந்த வேலை முடியும்வரை, கேட்பவர்களுக்கு மாதக் கணக்கை எக்செல் தாளில் போட்டுக் கொடுத்து, அவர்கள் வீட்டுக் கேள்வி எது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.